அம்மாவின் வெல்டிங் பரீட்சை

வெல்டிங் குச்சி இரும்புத் தகட்டில் ஒட்டிக்கொண்டது. அம்மா இழுத்தார். வரவில்லை. ரெண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை மேசைக் காலில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்தார். குச்சி வந்தது. கூடவே தகடும் வந்தது. தகட்டோடு அம்மாவும் வந்து, பின்னால் நின்ற என் மேல் மோதினார்.

"டேய், என்னடா இது விசர் பிடிச்ச சாமான்!"

தலையில் கறுப்பு முகமூடி. மார்பில் தோல் ஏப்ரன். இடுப்புக்குக் கீழே என்னுடைய விளையாட்டுக் காற்சட்டை, பக்கவாட்டில் பள்ளிப் பெயர் அச்சடித்தது. மலேசியாவின் பத்து பாகாட் நகரில் சொந்தக் கிளினிக் வைத்து, ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர் என் அம்மா. அந்த டாக்டர் இந்தக் கோலத்தில் நிற்பதைப் பார்க்க, பட்டறை வாசலில் பையன்கள் ஈ மொய்ப்பது போல மொய்த்துவிட்டார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

"லாகி!" என்றார் வெல்டிங் வாத்தியார் லிம். மலாயில் ‘இன்னொரு தடவை’. அந்த மனுஷர் அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு பாடம் முழுக்க நடத்திவிடுவார்.

அம்மா முகமூடியை இறக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை.

ரெண்டு வாசல் பள்ளி

போன வாரம் இந்தப் பத்தியில், நான் படித்த பள்ளிக் கேன்டீனின் மீகூன் நூடுல்ஸைப் பற்றி எழுதியிருந்தேன். மூவாரிலிருந்து ஒரு வாசகி கூப்பிட்டார். "மீகூன் கிடக்கட்டும் தம்பி. சாமியாருங்க பள்ளிங்கிறீங்க, வெல்டிங்குங்கிறீங்க, காலேஜுங்கிறீங்க. அது என்னதான் பள்ளி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பாட்டுக்கு மீகூன், சம்பால் என்று போய்க்கொண்டிருந்தேன்.

பத்து பாகாட்டிலிருந்து கிளுவாங் போகிற பாதையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்குப் போகவர வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய ஆண்கள் பள்ளி. துறவி என்றதும் தாடி, தவம் என்று கற்பனை பண்ணாதீர்கள். ‘பிரதர்’ என்று கூப்பிடுவோம். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு பந்து ஆடுவார்கள். காலை இடறிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்ப்பார்கள்.

காலையில் இயற்பியல், கூடுதல் கணிதம், ஆங்கிலம். மதியம் பட்டறை. டாக்டராகப் போகிறவனும் வாரத்தில் ஒரு மதியம் அரம் பிடித்து ராவ வேண்டும். மெக்கானிக்காகப் போகிறவனும் கணக்கில் தேற வேண்டும். சிலுவைக் குறி போடுகிறவன், திருநீறு பூசுகிறவன், ஊதுபத்தி கொளுத்துகிறவன் எல்லாரும் ஒரே அழுக்கு ஏப்ரனில் நிற்போம்.

பட்டறைச் சுவரில் சூசையப்பர் சிலை ஒன்று இருந்தது. தச்சு வேலை பார்த்தவர் என்பதால் எங்கள் பட்டறைக்கு அவர்தான் காவல். எந்தக் காலத்திலோ ஒரு போக்கிரி அவர் முகத்தில் பச்சை வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தான். தலைமை ஆசிரியர் பிரதர் அகஸ்டின் அதைக் கழற்றவில்லை. "அவருக்கும் கண்ணு முக்கியம்லா" என்று விட்டுவிட்டாராம்.

பதினாறு வயதில் நான்காம் படிவம் வந்தால் பள்ளியில் ரெண்டு வாசல் திறக்கும். ஒன்று காலேஜ் வகுப்பு. அதிலே நுழைந்தால் மருத்துவம், சட்டம் என்று போய்விடலாம். இன்னொன்று டெக்னிக்கல் வகுப்பு. எந்த வாசல் என்று பையனே சொல்ல வேண்டும். நான் டெக்னிக்கல் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

மெதுவாகப் பேசப்படும் வக்கீல்

ஏன் மூச்சு விடவில்லை என்றால், எங்கள் குடும்பம் அப்படி.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்து இறங்கிய பரம்பரை. குமாஸ்தா பிள்ளைகள் வாத்தியார் ஆனார்கள். வாத்தியார் பிள்ளைகள் டாக்டர் ஆனார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் டாக்டர்தான். பெரியம்மா டாக்டர். மாமா டாக்டர். மாமாவைக் கட்டின மாமி டாக்டர். ஒரே ஒரு சித்தப்பா வக்கீல். அவரைப் பற்றி வீட்டில் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவோம்.

எனக்கு வீட்டில் ஒரு வாய், பள்ளியில் ஒரு வாய். வீட்டில் "ஓம் அம்மா", பள்ளியில் "ஆமாலா டேய்". போகப் போக அம்மாவிடமும் பள்ளி வாய்தான் முந்திக்கொண்டு வந்தது. லாபிஸ் பக்கத்திலிருந்து வந்த என் கூட்டாளி சவரிமுத்து வீட்டுக்கு வந்தால், அம்மா பேசுவதை வாயைப் பிளந்து கேட்பான். "உங்கம்மா பேசுறது கேக்க நல்லாருக்குடா. திட்டுறாங்களா கொஞ்சுறாங்களான்னுதான் தெரியல" என்பான். பல நேரம் எனக்கும் தெரியாது.

சரி, எனக்கு ஏன் வெல்டிங் பிடித்தது? சொன்னால் சிரிக்கக் கூடாது. முதல் தடவை ஒட்டின இடத்தில் படிந்த கசடைத் தட்டி உதிர்த்தபோது, கீழே வெள்ளி மாதிரி ஒரு கோடு பளபளவென்று தெரிந்தது. கொஞ்சம் முன்னால் ரெண்டு துண்டாகக் கிடந்த இரும்பு, இப்போது ஒரே இரும்பு. அதை நான் செய்திருந்தேன். அந்தச் சந்தோஷம் எனக்கு எந்தப் பரீட்சைத் தாளிலும் வந்ததில்லை.

சேதி அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போனது. பெற்றோர் குழுவில் யாரோ ஒரு புண்ணியவதி, "டாக்டர், உங்க மகனும் டெக்னிக்கல், என் மகனும் டெக்னிக்கல், ஒரே வேன்ல அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அப்போது ஒரு பெரியவரின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த மனுஷர் பாவம், நாக்கை நீட்டினபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பிரதரின் சட்டம்

அடுத்த நாளே அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். பிரதர் அகஸ்டின் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பிரதர், என்ர மகன் விளையாட்டுப் புத்தியில டெக்னிக்கல் எண்டு சொல்லிப்போட்டான். காலேஜ் வகுப்புக்கு மாத்தி விடுங்கோ."

"தாராளமா மாத்தலாம் டாக்டர். அதுக்கு முன்னால நீங்க ஒரு வெல்டிங் பண்ணிக் காட்டணும்."

அம்மா சிரித்தார். பிரதர் சிரிக்கவில்லை. அம்மா சிரிப்பதை நிறுத்தினார்.

எங்கள் பள்ளியில் அது ஊரறிந்த சட்டம். ஒரு பையனை அவன் கேட்ட வகுப்பிலிருந்து பெற்றவர்கள் பிடுங்கலாம், தடையே இல்லை. ஆனால் அந்த வகுப்பில் அவன் செய்து தேறிய முதல் வேலையை அவர்களும் செய்து தேற வேண்டும். என்ன சாமான் என்று தெரியாமல் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

ரெண்டு பக்கமும் இதே கதைதான். லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து ஒரு லாரி முதலாளி, காலேஜ் வகுப்பில் இருந்த மகனை டெக்னிக்கலுக்கு இழுக்க வந்தார். "எஞ்சின் தெரிஞ்சா போதும் பிரதர், பையன் லாரியப் பாத்துக்குவான்" என்றார். அவரைப் பையன்கள் உட்காரும் குட்டி மேசையில் உட்காரவைத்து, இருபடிச் சமன்பாட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். பேனா மூடியைக் கடித்தார். விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார். அப்புறம் "ஒரு போன் பேசிட்டு வந்துர்றேன்" என்று வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. அந்த மகன் இப்போது பார்மசிஸ்ட்.

அம்மா அந்த ரகம் இல்லை. எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"பிரதர், மெடிக்கல் காலேஜில நான் ஒரு பாடத்திலயும் தவறினது கிடையாது. சனிக்கிழமை எத்தினை மணிக்கு வரவேணும்?"

அம்மா தேறினால் என் கதை முடிந்தது. அம்மா எதிலும் தேறாமல் விட்டதில்லை.

கோழி எச்சம்

முதல் சனிக்கிழமை அம்மா கைத்தறிச் சேலையில் வந்தார். வாத்தியார் லிம் முந்தானையைக் காட்டி, பட்டறையைக் காட்டி, கையை மேலே விரித்து, "பூம்!" என்றார். அப்படித்தான் என் விளையாட்டுக் காற்சட்டை வெளியே வந்தது.

லிம் லேசுப்பட்டவர் இல்லை. தன்னை மாதிரி வெல்டர் ஜோகூரிலேயே கிடையாது என்று தானே சொல்லிக்கொள்வார். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கதையை வாரம் ஒருமுறை எடுப்பார். ஒவ்வொரு வாரமும் அந்தக் கப்பல் கொஞ்சம் நீளும். அம்மாவிடமும் கப்பலை ஆரம்பித்தார். "உங்கட கப்பலைப் பிறகு பாப்பம். இப்ப குச்சியைத் தாங்கோ" என்றார் அம்மா. லிம்முக்கு இது புது அனுபவம்.

வேலை இதுதான். ரெண்டு இரும்புத் தகட்டை விளிம்போடு விளிம்பு வைத்து, ஒரே கோடாக ஒட்ட வேண்டும். பிறகு லிம் அதை இடுக்கியில் மாட்டிச் சுத்தியலால் அடித்து மடக்குவார். தகடு மடங்கலாம். ஒட்டு மட்டும் விரிசல் விடக் கூடாது.

அம்மா போட்ட கோட்டை லிம் பார்த்தார். "தாயி ஆயாம்" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

"ஒண்ணுமில்லம்மா."

"கோழிப் பீ எண்டுதானே சொல்லுறார்? இருவது முப்பது வருசமா மலாய்க்காரருக்கு வைத்தியம் பாக்கிறன். எனக்கு விளங்காதோ?"

லிம் சுத்தியலை ஒரு தட்டுதான் தட்டினார். தகடு பிஸ்கட் மாதிரி ரெண்டாகப் போனது. வாசலில் நின்ற பையன்கள் "அலமாக்!" என்று கோரஸ் பாடினார்கள்.

வீடு திரும்பும் வழியில், தேங்காய்ப்பாலில் ஐஸ் போட்டுத் தரும் செண்டோல் கடை வந்தது. அம்மா எப்போதும் நிறுத்தும் கடை. அன்றைக்கு நிறுத்தவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இது இனி என்னைப் பற்றிய விஷயமே இல்லை என்று. அம்மாவுக்கும் அந்தத் தகட்டுக்கும் நேரடிப் பகை.

சாப்பாட்டு மேசையில் ஒரு வகுப்பு

ரெண்டாவது தடவையும் உடைந்தது. அதற்கடுத்த தடவையும். அன்று சாயங்காலம் அப்பா சோறு போட்டுக்கொண்டு உட்காரும்போது, அம்மா சாப்ஸ்டிக் ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் வைத்தார்.

"நீ எப்பிடிப் பிடிச்சனி? காட்டு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மீன் முள்ளைப் பார்த்தார். இந்த மாதிரி நேரங்களில் அப்பாவுக்கு மீன் முள் ரொம்ப உதவி.

யோசித்துப் பாருங்கள் என் நிலைமையை. சொல்லிக் கொடுத்தால் நானே எனக்குக் குழி தோண்டின மாதிரி. சொல்லிக் கொடுக்காவிட்டால் அம்மா தப்பாகவே பண்ணிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. அம்மா குச்சியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று, சரியா என்று பார்த்து, பிறகு அடுத்த இடத்துக்குப் போவார். காயத்துக்குத் தையல் போட்டுப் பழகிய கை. நின்ற இடத்தில் எல்லாம் இரும்பு உருகிக் கட்டி கட்டியாக நின்றுவிடும்.

"நிக்காதீங்கம்மா. நின்னா ஓட்டை விழும். போய்க்கிட்டே இருங்க."

"பாக்காமல் எப்பிடிப் போறது?"

"கண்ண விட காதுதான்மா. எண்ணெயில அப்பளம் பொரியிற சத்தம் மாதிரி விடாம கேக்கணும். சத்தம் விட்டுப் போச்சுன்னா கை தூக்கிருச்சுன்னு அர்த்தம்."

அம்மா சாப்ஸ்டிக்கை மேசை விளிம்பில் இழுத்துக்கொண்டே, வாயால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் போட்டார். மேசை முனையில் அப்பா தட்டைத் தூக்கி வழிவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு நானும் அம்மாவும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். மார்க்கு, டியூஷன், டியூஷன், மார்க்கு என்று போய்க்கொண்டிருந்ததில் அதை மறந்தே போயிருந்தோம்.

பள்ளியில் சவரி என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனான்.

"டேய், உங்கம்மா போற போக்கப் பாத்தா அடுத்த வாரம் பாஸாயிருவாங்க போலருக்கு. குச்சிய தண்ணில முக்கி வச்சிரவா? ஒட்டிக்கிட்டே கெடக்கும். யாருக்கும் தெரியாதுலா."

"வேணாம்டா."

"ஏன்டா? உனக்குத்தானடா ஆப்பு!"

"வேணாம்னா வேணாம். அம்மா பாவம்டா, கையெல்லாம் பொறி பட்டுக் கொப்புளம். நோயாளிங்க எல்லாம் என்ன டாக்டர்னு கேக்குறாங்களாம்."

சவரி என்னை மேலும் கீழும் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் பைத்தியம்" என்றான். அது கொஞ்சம் உண்மைதான்.

சுத்தியல்

அந்தச் சனிக்கிழமை மழைக்கால வெயில். தகரக் கூரை படபடவென்று சூடேறிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே வந்ததும் சூசையப்பரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சைவக்காரர்தான், ஆனால் பரீட்சை நாளில் அம்மா எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்வதில்லை.

முகமூடி இறங்கியது. நானும் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சத்தம் ஆரம்பித்தது. விடாமல் போனது. அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியே பச்சையாக ஒரு சின்னப் பொட்டு வெளிச்சம், அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. ‘போங்கம்மா, போங்கம்மா, நிக்காதீங்க’ என்று என் மனசு அடித்துக்கொண்டது. பாதி வழியில்தான் உறைத்தது, நான் யாருக்காக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அம்மா கசடைத் தட்டி உதிர்த்தார். லிம் குனிந்து பார்த்தார். இந்தத் தடவை கோழி வரவில்லை. தகட்டை இடுக்கியில் மாட்டினார்.

அடித்தார். தகடு சாய்ந்தது. இன்னும் ஓங்கி அடித்தார். மேலும் சாய்ந்தது. கடைசியில் ‘ப’னாவைக் கவிழ்த்த மாதிரி மடங்கியே போனது. ஒட்டு அப்படியே இருந்தது. ஒரு கீறல் கூட இல்லை.

"போலே!" என்று லிம் கையைத் தூக்கினார். மலாயில் ‘முடியும், சரி’ என்று அர்த்தம். பையன்கள் போட்ட கூச்சலில் கேன்டீன் அக்கா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். அம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "பாத்தியா? பாத்தியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். நானும் கத்தினேன். அம்மாவின் நெற்றி வியர்வையும் முகமூடிக் கறுப்பும் என் வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டன.

அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

அம்மா கேட்டது

பிரதர் அகஸ்டின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "டாக்டர், சட்டம் சட்டம்தான். நீங்க பாஸ். சொல்லுங்க, திங்கக்கிழமையே பையன காலேஜ் வகுப்புல உக்காரவச்சிரலாம்."

சவரி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

அம்மா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். மடங்கிய தகட்டை எடுத்துப் பார்க்கப் போனார். சூடு தாங்காமல் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உனக்கு என்ன விருப்பம்?"

எத்தனையோ நாளாக நான் இதற்கு ஒரு பெரிய பேச்சே தயார் பண்ணி வைத்திருந்தேன். எதிர்காலம், தொழில்துறை, சிங்கப்பூர் என்றெல்லாம் அதில் இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டேன்.

"இங்கதான்மா இருக்கணும்" என்றேன்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு பாடு ஏன்?"

"நீங்க கேக்கலையேம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. வெல்டிங் வெளிச்சம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டிருக்கலாம்; அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"ஓம்" என்றார். "நான் கேக்கேல்லைத்தான்."

பிறகு பிரதரிடம் திரும்பினார். "பிள்ளை இஞ்சயே இருக்கட்டும் பிரதர்."

காரில் ஏறியதும், "அப்பாட்ட நீதான் சொல்லவேணும். நான் சொல்ல மாட்டன்" என்றார். செண்டோல் கடையில் நிறுத்தி, ரெண்டு கிண்ணம் வாங்கித் தந்தார். மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் என்ன பதில் சொல்வது என்று ரெண்டு பேரும் யோசித்தோம். ஒன்றும் உருப்படியாகத் தோன்றவில்லை. "வக்கீல் சித்தப்பாவை முன்னுக்கு விடுவம்" என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ போர்வையை உருவினார்கள். அம்மா. என் விளையாட்டுக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எழும்படா, நேரமாச்சு."

"எங்கம்மா? நீங்கதான் பாஸாயிட்டீங்களே!"

"அது படுத்த தகட்டுக்கு. நிமித்தி வைச்ச தகட்டில எப்பிடி ஒட்டுறது எண்டு அந்த மனுசன் இன்னும் சொல்லித் தரேல்லை. கெதியா வா, கப்பல் கதையைத் துவங்க முந்திப் போயிடுவம்."